எஜமான் இல்லாத மரங்கொத்தி

“கூலி எங்கக்கா?”

மரங்கொத்தி கொண்டையன் அலகைத் துடைத்துக்கொண்டே கேட்டான். மைனாவுக்குப் புதுப் பொந்து குடைந்த தூள் இன்னும் அவன் கொண்டையில் ஒட்டியிருந்தது.

மைனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அதைப் பெருச்சாளி வாங்கிட்டுப் போயிட்டாரே தம்பி.”

“என் கூலியையா? மரத்தைக் குடைஞ்சது நானா, அவனா?”

“யானையோட உத்தரவு. உனக்குக் கூலி தர வேண்டியவங்க எல்லாரும் அவர்கிட்டதான் தரணுமாம். மீறி உன்கிட்ட குடுத்தா, அவருக்கு நான் மறுபடியும் குடுக்கணும். எனக்கென்ன ஈசல் மரத்துலயா காய்க்குது?”

நடந்தது இதுதான். போன மழையில் அலகு அடிபட்டுக் கிடந்தபோது, கொண்டையன் பெருச்சாளியிடம் ஒரு வளை நிறைய ஈசல் கடன் வாங்கினான். அலகு ஆறியதும் கடனை மறந்துவிட்டான். பெருச்சாளி மறக்கவில்லை. நேரே குளக்கரைக்குப் போய், காட்டு வழக்கைத் தீர்க்கும் யானையிடம் முறையிட்டார்.

மைனா வீட்டு வேலைக்கு முன்பே, உத்தரவைச் சொல்ல யானையின் தூதன் காக்கை வீடு தேடியே வந்தான். “கடன் தீர்ற வரைக்கும் உன் கூலி பெருச்சாளிக்குத்தான். ஆனா பௌர்ணமிக்குள்ள குளத்துக்கு வந்து, வீட்டுல எத்தனை வாய்னு சொல்லிடு. பாதிக் கூலியை யானை உனக்கே விட்டுடுவார்.”

கொண்டையன் சிரித்தான். “நான் எவன்கிட்டயும் வேலைக்காரன் இல்லை. எனக்கு எஜமானே கிடையாது. யாரைப் பிடிச்சு என் கூலியில கை வைப்பீங்க?”

எஜமான் இல்லை, சரி. கூலி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களே! அது அந்த மண்டைக்கு எட்டவில்லை. நாளெல்லாம் மரத்தில் மோதுகிற மண்டை.

இப்போது மைனாவிடம் கூலியில்லாமல் திரும்பியவனைப் பார்த்துப் பக்கத்துக் கிளை அணில் பதறி ஓடிவந்தான். “டேய், இன்னைக்குத்தான் பௌர்ணமி. நிலா ஏறுறதுக்குள்ள பற. ரெண்டு குஞ்சு இருக்குன்னு சொல்லு, போதும்!”

“யானை கால்ல போய் விழவா? போடா. என்கிட்ட வேற வழி இருக்கு.”

அந்த வழி என்ன தெரியுமா? கிளியிடம் போனான். காட்டில் ரகசியம் சொல்ல வேறு ஆளே கிடைக்காத மாதிரி!

“உனக்குப் பொந்து குடைஞ்சு தரேன். பாதிக் கூலி போதும். முன்னாடியே குடுத்துடு, யாருக்கும் தெரியக் கூடாது.”

கிளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உச்சிக் கிளைக்குப் போய்க் கத்தினாள். “பாதிக் கூலி! யாருக்கும் தெரியக் கூடாது! பாதிக் கூலி!”

கொண்டையன் வாய் மூடுவதற்குள் பெருச்சாளி மரத்தடியில் நின்றார். கிளி கொண்டுவந்த ஈசலை அப்படியே அள்ளிக்கொண்டு போனார். காடே அதைப் பார்த்தது. ரெண்டு முறை கூலி கொடுக்க யாருக்குத் தலைவிதி? ஆந்தையும் இருவாச்சியும் பொந்து குடையக் குக்குறுவான் பறவையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

குளக்கரையில் யானை அவன் வரும் வழியைப் பார்த்திருந்தார். நிலா மரத்துக்கு மேலே வந்தது. “அவன் வரலையா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

பொந்தில் ரெண்டு குஞ்சுகளும் வாயைத் திறந்தபடி இருந்தன. கொண்டையன் வெறும் அலகோடு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

கடனுக்கு ஒளிகிறவனுக்கு முழுக் கூலியும் போகும், நேரில் போய் நிலைமையைச் சொல்கிறவனுக்குப் பாதியாவது மிஞ்சும். கொண்டையனைச் செய்யச் சொன்னதும் அதைத்தான், அவன் செய்யாததும் அதைத்தான்.