ஆட்டுப்பட்டிக்கு வந்த ஓலைகள்

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். தருகிறேன் என்றும் சொல்ல மாட்டார்கள், தர மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார்கள். உனக்குத் தகுதி இருக்கிறதா என்பார்கள். தகுதியை அளக்கிறவன் கையில் படி இருக்கிறதா என்று ஒருவனும் கேட்பதில்லை. சரி, கதைக்கு வருகிறேன்.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரு நாள் ஒரு யோசனை வந்தது. ஒரே தெருவில் நாலு கந்தன் இருந்தால் ஓலை எவனுக்குப் போகும்? ஆகவே இனி ஓலையில் பெயரே எழுதக் கூடாது, வாசலில் இலக்கப் பலகை அடித்து அந்த இலக்கத்தை மட்டும் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். இலக்கத்தின் முன்னால் நிற்கிறவர் கையில் ஓலையைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் ஓலைக்காரன் நகர்ந்தால் பத்துக் கசையடி.

பலகை கொடுக்கும் அதிகாரம் மந்திரி வல்லபராயருக்கு. அவர் ஒரு விதி எழுதினார்: ஓராண்டுக்குள் நூறு ஓலை கையில் வாங்கியவருக்கே பலகை. பழைய ஓலைகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்த பெரிய வணிகர்கள் உடனே வாங்கிவிட்டார்கள். மற்றவனுக்குப் பலகை இல்லாமல் ஓலை எப்படி வரும்? மந்திரி மட்டும் பின்னாளில் மாளிகை கட்டப் போவதாகச் சொல்லி நூற்றிருபது பலகையை எடுத்துக்கொண்டார். அதுவரை இருக்கட்டும் என்று தம் ஆட்டுப்பட்டி வேலியில் கம்புக்கு ஒன்றாக அடித்து வைத்தார்.

ஊர்க்கோடியில் பேச்சாயி என்ற மருத்துவச்சி, இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பிரசவச் சாலை நடத்தினாள். பக்கத்து ஊரில் ஒருத்திக்கு வலி கண்டு அனுப்பிய ஓலை, பலகை இல்லாததால் திரும்பிப் போயிற்று. குழந்தை தங்கவில்லை. பேச்சாயி நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

“சாமி, மூணு பாய் போட்ட குடிசைக்கு ஒரே ஒரு பலகை குடுங்க. இந்த மாசத்துல மட்டும் பதினோரு பொண்ணுங்களுக்கு நாள் இருக்கு.”

“நூறு ஓலை உண்டா அம்மணி? இல்லையென்றால் போய் வரலாம்” என்றார் வல்லபராயர்.

சபையின் விகடன் மொட்டையாண்டி எழுந்தான். “அரசே, ஒரு சந்தேகம். மந்திரியார் பிறந்த அன்று மருத்துவச்சியிடம் என்ன தகுதியைக் காட்டினார்?”

சபை சிரித்தது. வல்லபராயருக்கு முகம் கறுத்தது. “அரசே, விதியில் ஓர் எழுத்தும் மாற்றாமல் எட்டு நாளில் இவளுக்கு இவன் பலகை வாங்கித் தரட்டும். தவறினால் நாடு கடத்துங்கள்.”

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். “அப்படியே ஆகட்டும்” என்றுவிட்டார்.

மொட்டையாண்டி வீட்டுக்குப் போய் நூற்றிருபது ஓலை எழுதினான். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘நலம். புல் கிடைக்கிறதா?’ பட்டியில் இருந்த ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒன்று அனுப்பினான்.

மூன்று நாளாக அரண்மனைக்கு ஓலையே வரவில்லை. கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன ராணி திரும்புகிறாளா இல்லையா என்று தெரியாமல் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. மந்திரியையும் இழுத்துக்கொண்டு தேடிப் போனால், நாட்டின் ஓலைக்காரர்கள் அத்தனை பேரும் ஆட்டுப்பட்டி வேலியோரம் மணியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எதிரே ஆடுகள்.

“என்னடா கூத்து இது?”

“மகாராஜா, எலக்கம் இங்கதான் இருக்கு. வாங்கறதுக்குத்தான் கை இல்ல. என் ஓலைய ஒரு கெடா வாயால வாங்கிருச்சு. அது செல்லுமான்னு தெரியல, அதான் நிக்கிறேன்.”

அப்போது மொட்டையாண்டி பேச்சாயியை அழைத்துக்கொண்டு வந்தான். “ஆத்தா, கம்புக்குக் கம்பு நின்னு கைய நீட்டு.”

அவள் நீட்டினாள். விட்டால் போதும் என்று கொடுத்துவிட்டு ஓடினார்கள் ஓலைக்காரர்கள். அவர்களில் ஒருவன் பையில் ராணியின் ஓலையும் இருந்தது. வருகிறாளாம்.

“என் ஓலைகளை இவள் திருடுகிறாள்!” என்று கத்தினார் வல்லபராயர்.

“ஓலையில் பெயர் இல்லையே, மந்திரியாரே. இலக்கத்தின் முன் நிற்பவர் கை என்பதுதான் அரசர் உத்தரவு. கிடா தின்றது போக நூற்றுப் பத்தொன்பது இருக்கிறது. தாங்கள் கேட்டது நூறு. எழுத்து ஏதும் மாறிற்றா?” என்றான் மொட்டையாண்டி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலியிலிருந்து ஒரு பலகையைத் தம் கையாலேயே பிடுங்கிப் பேச்சாயியிடம் கொடுத்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வை மொட்டையாண்டிக்குப் போயிற்று. மீதிப் பலகைகளைச் சின்னஞ்சிறு சாலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் புது விதி எழுதும்படியும் கட்டளையிட்டார்.

யாருக்குக் கட்டளையிட்டார்? அதே வல்லபராயருக்கு! இதோடு சுபம் என்கிறார்கள் எனக்குச் சொன்னவர்கள். இருக்கட்டும். எனக்கு நம்பிக்கை இல்லை, நான் நடையைக் கட்டுகிறேன்.