இரண்டாவது இலை

"தாயே, நான் தின்ன சோறு என்னையே திங்குது" என்றார் மாசிலாமணி.

மலையடிவாரத்து ஊரில் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறவர். முன்பெல்லாம் நல்ல வாட்டசாட்டமான ஆள். இப்போது வேட்டி இடுப்பில் நிற்பதே பெரும்பாடு.

கேட்டுக்கொண்டிருந்தவள் சிரட்டையம்மா. மலைமேல் குகையில் இருப்பவள். தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிச் சாப்பிடுவதால் அந்தப் பெயர். வயதில் மாசிலாமணிக்குத் தங்கை முறை சொல்லலாம். ஆனாலும் அவளைக் கண்டால் அவர் தோள்துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும்.

"எப்ப இருந்து?"

"வடிவு போனதில இருந்து."

வடிவாம்பாள் அவர் மனைவி. போன தையில் போய்ச் சேர்ந்தாள்.

"பசிக்குதா?"

"பசியாவது ஒண்ணாவது! அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. உள்ள போனா எரியுது, அவ்வளவுதான்."

சிரட்டையம்மா அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"எதுவோ ஒத்துக்கல, செக்குக்காரரே. இப்படியே விட்டா அடுத்த தைக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

"எதுன்னு சொல்லுங்க, விட்டுடுறேன்."

"எனக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் விடுங்க. புளி, மிளகாய், பருப்பு, பால், எல்லாம். வெறும் சோறு, உப்பு, வெந்நீர். வயிறு அடங்கினதும் ஒவ்வொண்ணா உள்ள விடுவோம். எது வந்து எரியுதோ அதுதான் ஆள்."

"நல்லெண்ணெயுமா?"

"அதுவும்தான்."

எண்ணெய் ஆட்டுகிறவரிடம் எண்ணெயை விடு என்றால்! மனுஷர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விட்டார்.

எரிச்சல்தான் அவரை விடவில்லை.

மறுபடி மூச்சிரைக்க மலையேறி வந்தார். "வெறும் சோறுதான் தாயே. அதுவே நெருப்பா இறங்குது. பத்தியம் தப்பல, வடிவு மேல ஆணை."

"சரி. உங்க வீட்டு அரிசியை எடுத்துட்டு வந்து இங்கயே இருங்க."

அந்த அரிசியைத்தான் வடித்தாள். குகை வாசலில் இலை போட்டுப் பரிமாறினாள். சில நாளில் வயிறு அடங்கியது.

பருப்பு வந்தது. ஒன்றும் இல்லை.

புளி வந்தது. ஒன்றும் இல்லை.

மிளகாய்க்கு மூக்கு ஒழுகியதே தவிர வயிறு வாய் திறக்கவில்லை. கடைசியாக நல்லெண்ணெய் மிதக்கக் கத்திரிக்காய்க் குழம்பு. தின்றுவிட்டு அங்கேயே குறட்டை விட்டார்.

"எல்லாம் உங்க கைராசி தாயே!"

"கையும் இல்ல, ராசியும் இல்ல. வீட்டுக்குப் போங்க. வெறும் சோறு மட்டும் சாப்பிட்டுப் பாருங்க."

போனார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவருக்குக் கோபம் வேறு.

"என்ன கூத்து இது? மிளகாய் சும்மா கிடந்துச்சு. வெறும் சோறு எரியுது! அரிசியும் அதே அரிசி!"

"வீட்டுல எத்தனை இலை போடுறீங்க?"

மாசிலாமணியின் கோபம் போன இடம் தெரியவில்லை. துண்டு நுனியை முறுக்கினார்.

"ரெண்டு."

"ரெண்டாவது யாருக்கு?"

"அவளுக்குத்தான். சுவரோரமா, அவ உட்கார்ற இடத்துல. தினமும் மத்தியானம்."

வருஷத்துக்கு ஒருமுறை திதியன்று போடுகிற படையலை இந்த மனுஷர் தினம் தினம் போட்டிருக்கிறார்.

"அந்தச் சோத்தை என்ன பண்றீங்க?"

"முதல்ல அதைச் சாப்பிடுவேன். அப்புறம் என் இலை."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"அது சாப்பாடு இல்லையே தாயே. அது வடிவு."

சிரட்டையம்மா அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தச் சோறு எப்படி இருக்கும்?"

மாசிலாமணியின் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு இலையிலயும் ஆவி பறக்கத்தான் போடுவேன். என் இலையில சுடும். அவ இலையில நான் கை வைக்கிறதுக்குள்ள சில்லுனு ஆயிடும், கிணத்துத் தண்ணி மாதிரி."

வெயில் நேரம்தான். ஆனாலும் சிரட்டையம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கருமாதிச் சாப்பாட்டுல இலையை எந்தப் பக்கம் மடிச்சீங்க?"

ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. கல்யாண வீட்டில் சாப்பிட்டால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், உறவு தொடரட்டும் என்று. சாவு வீட்டில் வெளியே தள்ளி மடிக்க வேண்டும், இதோடு முடியட்டும் என்று.

"என் பக்கமாத்தான் மடிச்சேன். பந்தியே பதறிப்போச்சு. பங்காளி ஒருத்தன் கையைப் பிடிச்சு இழுத்தான். நான் விடல. அவளை எப்படித் தாயே வெளிய தள்ளுவேன்?"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். அவள் அழவிட்டாள்.

"நாளைக்கு அவ இலையைப் போடுங்க. நீங்க தொடாதீங்க."

"ஐயையோ! நான் தொடலன்னா அது அப்படியே கிடக்குமே!"

"கிடக்கட்டும்."

"கிடந்தா அவ வரலன்னு ஆயிடும் தாயே! அதைக் கண்ணால பார்க்கக் கூடாதுன்னுதானே தினமும் நானே எடுத்துத் தின்னேன்!"

சிரட்டையம்மா எழுந்து குகைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் சுவரோரம் இலை போட்டார். ஆவி பறக்கச் சோறு வைத்தார். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு முற்றத்துச் செக்கின் மேல் உட்கார்ந்தார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை.

உள்ளே யாரோ தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

கண்ணாடி வளையல் தரையில் தட்டியது.

பிறகு சாப்பிடும் சத்தம். அவசர அவசரமாக, விக்க விக்க, நெடுநாள் பட்டினி கிடந்தவர்கள் சாப்பிடுகிற சத்தம்.

மாசிலாமணி செக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வடிவு" என்றார். "இவ்வளவு பசியாடி உனக்கு?"

சத்தம் நின்றது.

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. செம்பு காலி. இலை மடித்திருந்தது.

அப்படியே மலையேறினார்.

"யாரோ சாப்பிட்டிருக்காங்க தாயே. இலை மடிச்சிருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே ஓர் இலை கிடப்பது போல் இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, வெளியே தள்ளி மடித்துக் காட்டினார்.

சிரட்டையம்மா அந்த இடத்திலேயே ஓர் இலையைப் போட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை வைத்தாள்.

"எரியுதா?"

மாசிலாமணி வயிற்றின் மேல் கையை வைத்தார். தொலைத்த சாமானைத் தேடுகிறவர் மாதிரி அங்கேயும் இங்கேயும் அழுத்திப் பார்த்தார்.

"பசிக்குது" என்றார்.