அரசருக்காகச் சிலம்பம் பழகியவன்

கோடைமலை நாட்டு அரசர் சிங்கவேந்தருக்கு எதற்கும் ஓர் ஆள் வேண்டும். குடை பிடிக்க ஒருவர், விசிறி வீச ஒருவர், கொட்டாவி விட்டால் வாயருகே சொடக்குப் போட ஒருவர். மனிதர் சும்மா இருந்தே களைத்துப்போவார் என்றால் பாருங்களேன்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சிலம்பம் கற்க ஆசை வந்தது. திருவிழாவில் ஊர் பார்க்கக் கம்பு சுற்ற வேண்டுமாம். இருளப்பர் என்ற ஆசானை வரவழைத்தார்.

"தினமும் விடியற்காலையில் வந்துவிட வேண்டும் அரசே. கையும் காலும் ஒன்றோடொன்று பழகினால்தான் கம்பு நம் பேச்சைக் கேட்கும்" என்றார் ஆசான்.

முதல் நாள் அரசர் வந்தார். மறுநாள் இடுப்பு வலி. காவலன் மாடசாமியைக் கூப்பிட்டு, "இனிமேல் எனக்குப் பதில் நீ போய்ப் பழகு" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஆசான் என்ன செய்வார், பாவம். வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆரம்பத்தில் மாடசாமிக்குக் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. ஆனால் ஒருநாள்கூட விடாமல் வந்தான். போகப்போக, அவன் கம்பைச் சுற்றினால் காற்று விர்ரென்று கிழிந்தது.

திருவிழாவும் வந்தது. அரசர் கம்பீரமாகக் களத்தில் இறங்கி ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். கம்பு அவர் கிரீடத்தையே தட்டிவிட, அது உருண்டுபோய் மகாராணியின் காலடியில் நின்றது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அரசருக்கு அவமானம் தாங்கவில்லை. "இத்தனை மாதம் பயிற்சி நடந்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆசான் சரியில்லை. பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

இருளப்பர் கலங்கிப்போனார். நிறைமாத மனைவியை அழைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்?

அமைச்சர் அம்பலவாணர் குறும்புக்காரர். "நல்ல தீர்ப்பு அரசே. சாப்பிட்டுவிட்டு வந்து ஆணையில் முத்திரை வையுங்கள்" என்றார். சொன்னதும் முந்திக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்.

அரசர் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், அவருடைய இலையில் மாடசாமி உட்கார்ந்து வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன ஐயா இது?"

"உங்களுக்குப் பதிலாகச் சாப்பிடுகிறான் அரசே. நீங்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும்?"

அரசர் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். மாடசாமி இரண்டாம் முறை பாயசம் வாங்கினான். அவருக்கு வயிறு கபகபவென்றது.

"அமைச்சரே, அவன் சாப்பிட்டால் என் வயிறு எப்படி நிறையும்?"

அம்பலவாணர் சமையற்காரர் பக்கம் திரும்பினார். "நீரும் மூட்டையைக் கட்டும் ஐயா. இவ்வளவு சமைத்தும் அரசருக்கு வயிறு நிறையவில்லையாம். சமையல் சரியில்லை. ஆசான் போகிற வண்டியிலேயே ஏறிக்கொள்ளும்."

அரசர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் முகம் சிவந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, அதுவும் குலுங்கக் குலுங்க. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார்.

"ஆசானைப் போக விடாதீர்கள். நாளை விடியற்காலையில் நானே களத்துக்கு வருகிறேன். டேய் மாடசாமி, எழுந்திரு. இனி என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்."

மாடசாமி இலையை விட்டு அசையவில்லை. தலையைச் சொறிந்தபடி பணிவாகச் சொன்னான்:

"சிலம்பத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் மகாராசா. சாப்பாட்டுக்கு மட்டும் நான் வந்துவிடுகிறேன்."