டீயைப் பற்றிக் கேட்காத விஞ்ஞானி

அடினோசின் என்று ஒரு பொருள் நம் எல்லார் உடம்பிலும் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது போய் உட்கார, உடம்பெங்கும் சின்னச் சின்ன இருக்கைகள் உண்டு. இருபத்தெட்டு வருஷமாக அந்த இருக்கைகளைக் கட்டிக்கொண்டு அழுதவர் வைத்திலிங்கம். அதில் பெரிய விஞ்ஞானி என்று பேரும் எடுத்துவிட்டார்.

ஐம்பத்தாறு வயதில் ஒரு நாள், தனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்த பேராசிரியர் சுகிர்தத்தைத் தேடிப் பாளையங்கோட்டைக்குப் போனார். முகத்தில் ஈயாடவில்லை. கையில் ஒரு கடிதம்.

"மேடம், என்னோட பெரிய கட்டுரையில தப்பு இருக்கு. பத்திரிகைக்குத் திருத்தம் எழுதியிருக்கேன். இது போதுமான்னு நீங்கதான் சொல்லணும்."

சுகிர்தம் மேடம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தப்பு?"

சொன்னார். அந்த இருக்கையில் உட்கார்ந்து இதயத்தின் ரத்தக் குழாயை விரிக்கிற மருந்து ஒன்று. காபியிலும் டீயிலும் இருக்கிற கஃபீன் முந்திக்கொண்டு அதே இருக்கையில் உட்கார்ந்துவிடும். அப்புறம் மருந்துக்கு இடம் ஏது? அதனால் சோதனைக்கு வருகிறவர்கள் முந்தின நாளே இரண்டையும் நிறுத்தியாக வேண்டும்.

வைத்திலிங்கம் காபி வீட்டில் வளர்ந்தவர். வந்த இருபது பேரிடமும், "காபி குடிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். பாவம், அவர்கள் பொய் சொல்லவில்லை. வாசல் கடையில் டீ குடித்துவிட்டு வந்திருந்தார்கள். மருந்து கொடுத்தும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. ஆபத்தில்லாத மருந்து என்று மனுஷர் எழுதிவிட்டார். போன மாதம் வேறொரு ஊரில் அதே மருந்தைக் கொடுத்தபோது நாலு பேர் மயங்கி விழுந்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்கள்.

"கடுதாசியைப் படி" என்றார் மேடம்.

"'...பழைய குறிப்புகளை மறுபடி ஆராய்ந்தபோது இந்தப் பிழையை நான் கண்டுபிடித்தேன்...'"

"அந்த வரியை இன்னொரு தடவை படி."

படித்தார்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை 'நான்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். காகிதத்தை மடியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"யாரு கண்டுபிடிச்சது வைத்தி?"

"செல்லக்கனின்னு ஒரு பொண்ணு மேடம். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்ட ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தா. அவங்க அப்பா சாத்தூர்ல டீக்கடை வச்சிருந்தாரு. கட்டுரை அச்சுக்குப் போற வாரம் வந்து, 'சார், வர்றவங்க எல்லாரும் வாசல் கடையில டீ குடிச்சிட்டுத்தான் வர்றாங்க, நானே பார்த்தேன்'னு சொன்னா."

"நீ என்ன சொன்னே?"

இத்தனை வருஷம் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதது. சொல்லாமல் எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

"'டீக்கடைப் புத்தி உன்னை விட்டு எங்க போகும்'னு சொன்னேன் மேடம். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த மாசமே ஆராய்ச்சியை விட்டுட்டுப் போயிட்டா. இப்போ சாத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்காளாம்."

முதலில் சிரித்தது தான்தான் என்பதை அப்போதும் அவர் சொல்லவில்லை. காது மட்டும் சுட்டது. கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார்.

மேடம் எழுந்து போய் ஒரு பேனாவை எடுத்துவந்து நீட்டினார். வைத்திலிங்கம் அந்த வரி முழுவதையும் அடித்தார். பக்கத்தில், கண்டுபிடித்தது செல்லக்கனி என்று எழுதினார். அவள் சொன்ன வருஷத்தையும், தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததையும் எழுதினார்.

"இதை இன்னைக்கே அனுப்பிடு. இன்னும் எத்தனை பேரு மயங்கி விழணும்?"

"அனுப்பிடறேன் மேடம்." கொஞ்சம் மூச்சு வந்தது அவருக்கு. "நாளைக்கே சாத்தூருக்குப் போயி, அவளைத் தனியாப் பார்த்து மன்னிப்பும் கேட்டுடறேன். அது போதும்ல?"

"தனியாவா? அன்னைக்கு நீ அதைச் சொன்னப்போ அந்த ரூம்ல எத்தனை பேரு இருந்தாங்க?"

வைத்திலிங்கத்துக்கு ஒவ்வொரு முகமும் நினைவிருந்தது.

"பதினாலு பேரு."

மேடம் பீன்ஸ் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அந்தப் பதினாலு பேரையும் கூட்டிக்கிட்டுப் போ."