முதல் பந்தியில் ஓர் இடம்

சென்னியப்பனுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சாமிக்கோ அவர் வயதில் பாதிதான் இருக்கும். அதனால் சாமி அவரைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுவார்.

குருபூசையன்று காலையில் சென்னியப்பன் மடத்துக்கு வந்தார். போன மாதம் வந்த நெஞ்சுவலிக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

"சாமி, எனக்கப்புறம் பூவாத்தா அந்த வீட்டுலயே இருப்பாளுங்களா?"

சொந்தப் பிள்ளைகள் இல்லாத அவருக்குப் பூவாத்தாள் பெறாத மகள். தோப்பில் வேலை செய்த தம்பதி விபத்தில் இறந்துபோக, கைக்குழந்தையாகத் தூக்கிவந்து வளர்த்தார்கள். முறைப்படி தத்து எடுக்கவில்லை. மனைவி போனபின் அவருக்குச் சோறும் மருந்தும் அவள் கைதான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவள் யாரோ. வீடும் தோப்பும் அண்ணன் மகன்களுக்குத்தான் போய்ச்சேரும்.

"உயில் எழுதிட்டீங்களா?" என்றார் சாமி.

"எதுக்குங்க? வீடு அவளுக்குன்னு ஊருக்கே சொல்லி வெச்சிருக்கறேன். அண்ணன் பசங்களும் சரின்னுட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எங்கப்பா உயில்ல கையெழுத்துப் போட்ட வாரமே போய்ச்சேந்துட்டாருங்க. எமனை வெத்தலபாக்கு வெச்சுக் கூப்புடச் சொல்றீங்களா?"

சாமி சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே பூவாத்தாள் விடியற்காலையிலிருந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு பச்சத்தண்ணி குடிக்கல. முதல் பந்தியில உங்க பக்கத்துல அவளுக்கு ஒரு இடம் பாத்து வைங்க."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாயில் துண்டு கிடந்தால் அந்த இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், எத்தனை பெரிய மனிதர் வந்தாலும் சரி. சென்னியப்பனுக்கு அது தெரியாததல்ல. ஆனால் ஊரில் அவர் வாக்குக்குத் தனி மதிப்பு உண்டு, அவர் துண்டு போட்டா இடம் பிடிப்பார்? பாயில் போய் உட்கார்ந்து, இந்தப் பக்கம் இருந்தவரிடமும் அந்தப் பக்கம் இருந்தவரிடமும், "இது எனக்கு, இது எம்பொண்ணுக்கு" என்றார். இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

அப்போது தோட்டத்திலிருந்து சாமி கூப்பிட்டார். சென்னியப்பன் எழுந்து போனார். சாமி செம்பருத்தியைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே மணி அடித்தது.

திரும்பி வந்தபோது பந்தி நிறைந்திருந்தது. அவர் சொல்லிவைத்த இரண்டு இடத்திலும் அண்ணன் மகன்கள் உட்கார்ந்து பருப்புசாதம் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"காலியாத்தான் கெடந்துச்சுங்க சித்தப்பா," என்றான் மூத்தவன். பொய் சொல்லவில்லை. இருவரும் கெட்டவர்களும் இல்லை, பசித்தவர்கள்.

தலையாட்டியவர்களில் ஒருவர் தன் சொந்தக்காரர்களோடு வேறு வரிசைக்குப் போயிருந்தார். இன்னொருவர் இலையை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

தூணோரம் பூவாத்தாள் நின்றிருந்தாள். கையில் அவருடைய மாத்திரைப் பை.

"பரவால்லீங்கப்பா, நான் கடைசியில சாப்பிட்டுக்கறேன். உங்களுக்குத்தான் மாத்திர போடற நேரம் ஆச்சு."

யாரிடமும் அவள் எதுவும் கேட்கவில்லை. தனக்கென்று ஓர் இடம் இருந்தது என்பதைக்கூட அவள் நம்பியதாகத் தெரியவில்லை. தன் காலத்துக்குப் பிறகு வீட்டு வாசலிலும் அவள் இப்படித்தான் ஒதுங்கி நிற்பாள் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. நேரே தோட்டத்துக்குப் போனார்.

"நீங்க கூப்புட்டதாலதான இப்படி ஆச்சு, சாமி?"

"கூப்பிட்டா வந்துதான ஆகணும்."

"ரெண்டு பேருகிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனுங்க."

"துண்டு போட்டீங்களா?"

சென்னியப்பனின் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டு அங்கேயேதான் கிடந்தது.

சாமி அந்தத் துண்டை எடுத்து, நிதானமாக மடித்து, அவர் கையில் வைத்தார்.

"துண்டு போட்டதும் சாப்பாட்டு மணி அடிச்சிரும்னு பயந்துட்டீங்களா, பெரியவரே?"