விதித்த குழம்பும் விரும்பிய கையும்

சங்கங்கரை அரண்மனையில் இரண்டு நாளாக அடுப்பில் பூனை தூங்கியது. காரணம் பஞ்சமல்ல, வேத விவாதம். அரசர் சாப்பிடும் முன் அங்கே யாரும் வாய் வைக்கக் கூடாது. அது மூன்று தலைமுறை வழக்கம். அரசர் வீரரகுபதியோ சோற்றைத் தொட மறுத்துவிட்டார்.

வினையை இழுத்து வந்தவர்கள் கிறிஸ்தவ வேதம் போதிக்கும் இரண்டு உபதேசியார்கள்.

"உலகம் உண்டாகும் முன்பே கடவுள் எல்லாவற்றையும் குறித்துவிட்டார். வனைந்தவனைப் பானை கேள்வி கேட்குமா? வேதம் சொல்கிறது," என்றார் மரியதாசன்.

"வாழ்வையும் சாவையும் முன்னே வைத்து, நீயே தெரிந்துகொள் என்பதும் அதே வேதம்தான்," என்றார் சூசையப்பன்.

அரசர் குழம்பிப் போனார். "இரண்டையும் யாராவது சேர்த்து வைக்கும்வரை என் கை அசையாது. நான் சாப்பிடுவது விதி என்றால் சோறு தானே வரட்டும்," என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓர் ஈதான் வந்தது.

அரண்மனையில் விகடம் பேசும் சந்தியாகுவைக் கண்டாலே படைத்தலைவரான தளவாய்க்கு ஆகாது. "அரசே, இதைச் சந்தியாகுவிடம் விடுங்கள். மதியத்துக்குள் தீர்க்காவிட்டால் நாடு கடத்திவிடலாம்," என்றார். அரசரும் திறந்த வாயோடு தலையாட்டினார்.

பாவம் சந்தியாகு. நாடு போவதைவிட வயிறு காய்வதுதான் அவனை வாட்டியது. நேராக அடுக்களைக்குப் போனான். பிறகு ஓர் ஓலையில் ஏதோ எழுதிச் சுருட்டி, தளவாயிடம் கொடுத்தான்.

"இதன் மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். தங்களை மீறி யாரும் இதை எடுக்க முடியாது."

சற்று நேரத்தில் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு சட்டியோடு வந்தது. அரசரின் மூக்கு விடைத்தது. வாய் மூடியது. கை சோற்றில் இறங்கியது. அவ்வளவுதான், அரண்மனையே இலையைத் தேடி ஓடியது. பரிமாறிக்கொண்டு நின்ற சந்தியாகு மட்டும் பட்டினி.

மூன்றாம் முறை குழம்பு வாங்கியபோதுதான் அரசருக்குச் சபதம் நினைவு வந்தது. சந்தியாகு சொன்னதும் தளவாய் எழுந்து ஓலையைப் பிரித்துப் படித்தார்: 'அரசர் மூன்று முறை குழம்பு வாங்குவார்.'

"அரசே, நான் எழுதியதுதான் தங்கள் கையைப் பிடித்து இழுத்ததா?"

"இல்லையே. ஆசைப்பட்டு நானேதான் சாப்பிட்டேன்."

"பத்து வருடம் பழகிய எனக்கே தெரிகிறது. அந்த நாக்கைப் படைத்தவருக்குத் தெரியாதா?"

"குழம்பைக் காட்டி மயக்கியது இவன்தானே?" என்று பாய்ந்தார் தளவாய்.

"ஆமாம். குழம்பை வைத்தவன் நான், கையை வைத்தவர் அரசர். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இலை காலியாகியிருக்காது."

உபதேசியார்கள் இருவரும் வாய் நிறையச் சோறோடு தலையை ஆட்டினார்கள். இருவர் தலையும் ஒரே பக்கம் ஆடியது அன்றுதான்.

"இன்னும் ஒரு வரி இருக்கிறது," என்று தளவாய் வேண்டாவெறுப்பாகப் படித்தார்: 'மீதிக் குழம்பைச் சட்டியோடு சந்தியாகுவுக்கே கொடுத்துவிடுவார்.'

அரசர் சட்டியை அணைத்துக்கொண்டார். "கொடுக்காவிட்டால்?"

"தங்கள் விருப்பம், அரசே. முழுச் சுதந்திரம் உண்டு. என்ன, உபதேசியார்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்."

மரியதாசன் தொண்டையைச் செருமினார். அரசர் வயிறு குலுங்கச் சிரித்தபடி சட்டியைச் சந்தியாகுவின் பக்கம் தள்ளினார், முழுச் சுதந்திரத்தோடு.