கிறுக்கலுக்கு ஒரு செப்புப் பட்டயம்

முன்னொரு காலத்தில், ரகசியமே இல்லாத ஒரு நாட்டின் அரசருக்கு மறையெழுத்தின் மேல் ஆசை வந்தது. எழுத்தர்களின் தலைவர் வெண்காடன், எழுத்துகளை இடம்மாற்றி எழுதும் ஒரு முறையைக் காட்டினார். மகிழ்ந்த அரசர் செப்புப் பட்டயமே கொடுத்தார்: மறையெழுத்து எழுதும் உரிமை வெண்காடனுக்கு மட்டுமே. வேறு யாராவது எழுதி எல்லைக்கு வெளியே அனுப்பினால், எழுதிய கையை வெட்ட வேண்டும்.

மூன்றாம் நாளே ஆற்றங்கரைச் சுங்கச்சாவடியில் ஓர் ஓலை பிடிபட்டது. காவலர்களால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. எழுதியவன் அரசவை விகடகவி தத்தன். கோபித்துக்கொண்டு அக்கரை நாட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவி நாச்சிக்கு அனுப்பியிருந்தான்.

"அரசே, இது என் முறை. திருடி எழுதியிருக்கிறான்," என்றார் வெண்காடன். தத்தன் பரிசு வாங்கும் நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது.

"இது மறையெழுத்து இல்லை அரசே, என் கையெழுத்து. இதைப் பார்த்துத்தான் என் ஆசிரியர் துறவியானார்."

"அப்படியானால் நீயே படி."

தத்தன் ஓலையை நேராகப் பிடித்தான், தலைகீழாகவும் பிடித்தான். "எழுதும்போது தெரிந்தது அரசே. இப்போது எனக்கும் தெரியவில்லை. தம் முறை என்கிறாரே, அவர் படிக்கட்டும்."

வெண்காடன் தயங்கவில்லை. "'பௌர்ணமியன்று கோட்டைக் கதவைத் திறந்து வைக்கிறேன். படையோடு வா.'"

தத்தன் தன் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஓலை எல்லை தாண்டக் கூடாது என்பது ஆணை. பணிகிறேன் அரசே, அது இங்கேயே இருக்கட்டும். நாச்சி எல்லை தாண்டி இங்கே வரத் தடையில்லையே? இதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எழுத்துதான் எனக்குப் புரியவில்லை, எழுதிய சேதி நினைவிருக்கிறது; அதை இப்போதே தங்கள் காதில் சொல்லிவிடுகிறேன். ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்."

படகு போய் நாச்சியை அழைத்து வந்தது. அவள் கணவனை ஏறிட்டும் பார்க்காமல் ஓலையை வாங்கிக் கடகடவென்று படித்தாள்.

"'நாச்சி, தவறு என்னுடையதுதான். நீ போனபின் இரண்டு பானைகள் கருகிவிட்டன. பூனையும் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது...'"

அரசர் காதில் கேட்டதே வரிக்கு வரி வந்தது. வெண்காடன் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"போதும் நாச்சி," என்றான் தத்தன் அவசரமாக.

"இருங்க, இன்னும் ஒரு வரி இருக்கு. 'என் வேடிக்கைக்கு அரசர் சிரிப்பது எளிது. அவர் சொல்லும் வேடிக்கைக்கு நான் சிரிக்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான் தனியாகத் தாங்க முடியவில்லை. சீக்கிரம் வா.'"

அந்த வரியைத் தத்தன் அரசர் காதில் சொல்லியிருக்கவில்லை.

அரசரின் முகம் சிவந்தது. பிறகு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கலாம் என்று தெரிந்தபின் சபையும் சிரித்தது.

"வெண்காடா, பட்டயத்தைக் கீழே வை. தத்தன் கையெழுத்தை எதிரி என்ன, எமனாலும் படிக்க முடியாது. இனி அரச ரகசியங்களை இவன் எழுதட்டும். படிக்கும் உரிமை நாச்சிக்கு மட்டும்."

நாச்சி அப்போதுதான் கணவனைப் பார்த்தாள். "எழுதுறது இவர்னா, படிக்க நான் பக்கத்துலயே இருந்தாகணும்," என்றாள். பிறகு படகோட்டியிடம், அக்கரைக்குப் போய்த் தன் துணிப்பெட்டியை எடுத்துவரச் சொன்னாள்.